ஐபீஸ் ஒப்பீடு: பகலில் அளந்து, இரவில் சோதித்து, பிறகு முடிவெடுப்பது

தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ் பகுதிதான் ஐபீஸ். இரண்டு ஐபீஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுவிட்டு "இதில்தான் நன்றாகத் தெரிகிறது" என்று சொல்வது ஒப்பீடு ஆகாது. விளிம்பில் ஒரு விண்மீன் இழுபட்டுத் தெரிந்தால் அதற்கு ஐபீஸ் காரணமாக இருக்கலாம். முதன்மை ஆடியால் விளிம்பில் வரும் கோமா என்ற வால்போன்ற இழுப்பாக இருக்கலாம். ஆடிகள் ஒன்றுக்கொன்று நேராக இல்லாமல் இருக்கலாம். காற்று கொதித்துக்கொண்டிருக்கலாம். பார்ப்பவரின் கண்ணிலேயே சிலிண்டர் பவர் இருக்கலாம். குறை யாருடையது என்று தெரியாமல் ஐபீஸை மாற்றினால் பணம் போகும், குறை அப்படியே இருக்கும். கீழே வருவதில் பெரும்பகுதி அதைப் பிரித்தறியும் முறைகள்தான்.

கணக்குகளுக்கெல்லாம் ஒரே தொலைநோக்கியை எடுத்துக்கொள்வோம்: 203 மி.மீ. ஆடி, 1200 மி.மீ. குவியத் தொலைவு, எஃப்/5.9 (குவியத் தொலைவை ஆடியின் விட்டத்தால் வகுத்தால் வருவது எஃப் எண்). 8 அங்குல டாப்சோனியன் (எளிய சுழல்மேடையில் கையால் தள்ளித் திருப்பும் ஆடித் தொலைநோக்கி) என்று பரவலாக விற்கப்படுவது இதுவே. உங்களுடையது வேறு என்றால் உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது.

நான்கு எண்கள்

தொலைநோக்கியின் குவியத் தொலைவை ஐபீஸின் குவியத் தொலைவால் வகுத்தால் உருப்பெருக்கம். 25 மி.மீ. ஐபீஸ் 48 மடங்கு தரும், 6 மி.மீ. ஐபீஸ் 200 மடங்கு.

ஐபீஸின் குவியத் தொலைவை எஃப் எண்ணால் வகுத்தால் எக்ஸிட் பியூப்பில், அதாவது ஐபீஸிலிருந்து கண்ணுக்குள் போகும் ஒளிக்கற்றையின் விட்டம். 30 மி.மீ. ஐபீஸுக்கு 5.1 மி.மீ., 6 மி.மீ. ஐபீஸுக்கு 1 மி.மீ. இந்த எண்ணைப் பலர் பொருட்படுத்துவதில்லை, ஆனால் ஒப்பிடும்போது உருப்பெருக்கத்தைவிட இதுதான் அதிகம் பேசும். இருட்டுக்குப் பழகிய இளம் கண்ணின் பாவை 7 மி.மீ. வரை விரியலாம், வயது ஏற ஏற 5 மி.மீ. அளவிலேயே நின்றுவிடுவதுண்டு. அதற்கு மேல் வரும் ஒளி கண்ணுக்குள் போகாமல் வீணாகும். 2 முதல் 3 மி.மீ. வரை விண்மீன் கொத்துகளுக்கும் விண்மீன் மண்டலங்களுக்கும் (கேலக்ஸிகள்) நல்ல அளவு. கோள்களுக்கு 1 மி.மீ. அருகில். 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் படம் மங்கும், கண்ணுக்குள் மிதக்கும் தூசுகளும் நூல்களும் வியாழன்மேல் ஊர்வதுபோல் தெரியும்.

தோற்றப் புலம் என்பது ஐபீஸுக்குள் தெரியும் வட்டத்தின் கோண அகலம். ப்ளோசல் என்ற எளிய, பரவலான ஐபீஸ் வகையில் 50 டிகிரி சொச்சம், அகலப்புல வகைகளில் 66 முதல் 82, சிலவற்றில் 100. உண்மைப் புலம் என்பது வானத்தில் எத்தனை டிகிரி அந்த வட்டத்துக்குள் அடங்குகிறது என்பது. தோற்றப் புலத்தை உருப்பெருக்கத்தால் வகுத்து இதைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள்; அது தோராயம்தான். 24 மி.மீ., 68 டிகிரி ஐபீஸ் நம் தொலைநோக்கியில் 50 மடங்கு தரும், வகுத்தால் 1.36 டிகிரி. ஆனால் தெரியும் வட்டத்தின் ஓரத்தை வரையறுக்கும் அதன் உள்வளையம், அதாவது ஃபீல்டு ஸ்டாப், சுமார் 27 மி.மீ. அந்த விட்டத்தை 1200-ஆல் வகுத்து 57.3-ஆல் பெருக்கினால் 1.29 டிகிரி. இரண்டாவதே சரி. விளிம்பருகே படம் சற்றே இழுக்கப்படுவதால் முதல் கணக்கு பிசகுகிறது. டெலி வ்யூ போன்ற சில நிறுவனங்கள் ஃபீல்டு ஸ்டாப் அளவை வெளியிடுகின்றன. மற்றவற்றுக்கு நாமே அளந்துகொள்ள வேண்டும்.

நான்காவது, ஐ ரிலீஃப்: கடைசிக் கண்ணாடியிலிருந்து கண்மணி எவ்வளவு தள்ளி நின்றால் முழு வட்டமும் தெரியும் என்ற தூரம். ப்ளோசலில் இது குவியத் தொலைவில் ஏறக்குறைய 70 முதல் 80 விழுக்காடு. 25 மி.மீ. ப்ளோசலில் தாராளமாக இருப்பது 6 மி.மீ. ப்ளோசலில் 4 மி.மீ. சொச்சமாகச் சுருங்கிவிடும்; இமைமுடி கண்ணாடியில் உரசும். மூக்குக் கண்ணாடியோடு பார்ப்பவருக்கு 15 மி.மீ. குறைந்தபட்சம், 20 இருந்தால் நிம்மதி.

பகலில், இருட்டறையில்

பெட்டியில் அச்சிட்ட டிகிரியை அப்படியே நம்ப வேண்டாம். ஒரு டார்ச், ஒரு வெள்ளைத் தாள், ஒரு ஸ்கேல் இருந்தால் தோற்றப் புலத்தையும் ஐ ரிலீஃபையும் ஒரே அமர்வில் அளந்துவிடலாம்.

அறையை இருட்டாக்குங்கள். மேசையில் ஐபீஸைப் படுக்க வைத்து, அதன் உலோகக் குழாய்ப் பக்கம் 1 மீட்டர் முதல் 1.2 மீட்டர் தள்ளி, அதே உயரத்தில், சிறிய டார்ச்சையோ செல்போன் ஃபிளாஷையோ நேராக வையுங்கள். அந்தத் தூரம் தொலைநோக்கியின் குவியத் தொலைவை ஒத்திருப்பதால் ஒளி ஏறக்குறைய தொலைநோக்கியிலிருந்து வரும் கோணத்திலேயே ஐபீஸுக்குள் நுழையும். டார்ச்சை ஐபீஸுக்கு ஒட்டி வைத்தால் வட்டத்தின் ஓரம் மசமசவென்று ஆகி அளவு கெடும். இப்போது கண் வைக்கும் பக்கத்தில் தாளைப் பிடித்து மெல்லப் பின்னால் நகர்த்துங்கள். ஒளி முதலில் ஒரு சிறு புள்ளியாகச் சுருங்கும், அதன்பின் தெளிவான ஓரம் கொண்ட வட்டமாக விரிந்துகொண்டே போகும்.

புள்ளி மிகச் சிறிதாகும் இடம்தான் கண்மணி நிற்க வேண்டிய இடம். கண்ணாடியிலிருந்து அதுவரை அளந்தால் ஐ ரிலீஃப். ரப்பர் கப்பின் விளிம்பிலிருந்து அளந்தால் உண்மையில் நமக்குக் கிடைக்கும் ஐ ரிலீஃப். இரண்டாவது எண் முக்கியம். கண்ணாடி உள்ளே குழிந்து அமைந்த சில ஐபீஸ்களில் விளம்பரத்தில் 15 மி.மீ. இருக்கும், ரப்பரை மடக்கிய பிறகும் கையில் கிடைப்பது 10தான்.

தோற்றப் புலத்துக்கு, வட்டத்தின் விட்டத்தைக் குறித்துக்கொண்டு தாளைச் சரியாக 100 மி.மீ. பின்னுக்கு நகர்த்தி மறுபடி குறியுங்கள். விட்டம் எவ்வளவு கூடியது என்பதே கணக்கு. 97.5 மி.மீ. கூடினால் 52 டிகிரி. 115.5 கூடினால் 60. 135 கூடினால் 68. 174 கூடினால் 82. இடைப்பட்டவற்றுக்கு, கூடுதலை 200-ஆல் வகுத்து அதன் டேன் தலைகீழி (tan⁻¹) கண்டு இரட்டிப்பாக்குங்கள். 70 என்று விற்கப்படும் ஐபீஸ் 62 காட்டினால் வியப்படைய வேண்டாம். மலிவு வகைகளில் இது நடக்கும்.

ஃபீல்டு ஸ்டாப்பைப் பொறுத்தவரை, ப்ளோசல், ஆர்த்தோஸ்கோபிக், கெல்னர் போன்ற எளிய ஐபீஸ் வகைகளில் அந்த வளையம் குழாயின் அடிப்பக்கமிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும்; வெர்னியர் காலிப்பரால் கண்ணாடியைத் தொடாமல் அளக்கலாம். 1.25 அங்குலக் குழாய்க்குள் 27 மி.மீ. அளவுக்கு மேல் இடமில்லை, 2 அங்குலக் குழாய்க்குள் ஏறக்குறைய 46. இந்த ஓர் எல்லையே பல கடை வாக்குறுதிகளைத் தீர்த்துவைக்கும். 1.25 அங்குல 40 மி.மீ. ப்ளோசல், 32 மி.மீ. ப்ளோசலைவிட அதிக வானத்தைக் காட்டாது. குழாய் அதே 27 மி.மீ.யில் நிறுத்திவிடும், தோற்றப் புலம் 43 டிகிரியாகக் குறுகி, வானப் பின்னணி மட்டும் வெளுக்கும். அந்தப் பணத்தை வேறு எதற்காவது வையுங்கள்.

அடிப்பக்கத்தில் கூடுதல் லென்ஸ் தொகுதி உள்ள நவீன அகலப்புல வகைகளில் ஃபீல்டு ஸ்டாப் லென்ஸ்களுக்கு நடுவே இருக்கும். காலிப்பர் அங்கே எட்டாது, இரவில் கடிகாரம்தான் எட்டும். வான நடுவரையை (பூமியின் நடுவரைக்கு நேர்மேலே வானில் செல்லும் கோடு) ஒட்டிய ஒரு விண்மீனை வட்டத்தின் கிழக்கு விளிம்புக்கு வெளியே நிறுத்தி, தொலைநோக்கியைத் தொடாமல் விட்டுவிடுங்கள். அது உள்ளே நுழையும் கணத்திலிருந்து மறையும் கணம்வரை எத்தனை விநாடி என்று எண்ணி, 0.2507-ஆல் பெருக்கினால் உண்மைப் புலம் ஆர்க் நிமிடங்களில் (ஒரு டிகிரிக்கு 60) கிடைக்கும். தை மாசியில் ஓரியன் இடுப்புப் பட்டையின் மேற்கு முனையிலுள்ள மின்டகா இதற்கென்றே அமைந்ததுபோல் நடுவரைமேல் கிடக்கிறது. நம் தொலைநோக்கியில் 32 மி.மீ. ப்ளோசலுக்கு 5 நிமிடம் 8 விநாடி வந்தால், 77 ஆர்க் நிமிடம், அதாவது 1.29 டிகிரி. மின்டகா இல்லாத மாதங்களில் திருவோணத்தை எடுத்து விடையை 0.988-ஆலும், சித்திரையை எடுத்தால் 0.981-ஆலும் பெருக்குங்கள். விண்மீன் மையத்தின் வழியே கடக்க வேண்டும். ஓரமாகக் கடந்தால் நேரம் குறைந்துபோகும். மூன்று முறை எடுத்து, அதிகமாக வந்ததை வைத்துக்கொள்ளுங்கள்.

இரவுச் சோதனைக்கு முன்

கான்கிரீட் மொட்டை மாடி பகல் வெப்பத்தை நள்ளிரவு வரை விட்டுக்கொண்டே இருக்கும். அதன்மேல் நின்று 200 மடங்கில் கூர்மையை ஒப்பிடுவது வீண். மண் தரையோ புல்லோ கிடைத்தால் அங்கே வையுங்கள். மாடிதான் வழி என்றால் கூர்மைச் சோதனையைப் பின்னிரவுக்குத் தள்ளுங்கள். ஆடி வெளிக்காற்றோடு சமநிலைக்கு வர முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் கொடுங்கள். பிறகு காலிமேஷன், அதாவது ஆடிகள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா என்று பாருங்கள்: உயர் உருப்பெருக்கத்தில் விண்மீனை மையத்தில் நிறுத்திக் குவியத்தைச் சற்றே தவறவிட்டால், வளையங்கள் ஒரே மையம் கொண்டிருக்க வேண்டும். ஒருபக்கம் ஒதுங்கியிருந்தால் அதைச் சரிசெய்யும்வரை எந்த ஐபீஸையும் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை.

வடநாட்டு, வெளிநாட்டு வழிகாட்டிகள் துருவ விண்மீனில் சோதிக்கச் சொல்லும். அது நகராது என்பதால். நமக்கு அது பொருந்தாது. சென்னையில் அது 13 டிகிரி உயரத்தில், கன்னியாகுமரியில் 8 டிகிரியில், யாழ்ப்பாணத்தில் 10-க்கும் கீழே நிற்கிறது. அவ்வளவு தாழ்வில் காற்று படத்தைக் கலக்கும், நிறத்தையும் பிரித்துவிடும். நேர் உச்சியும் வேண்டாம்; டாப்சோனியனை அங்கே பக்கவாட்டில் திருப்புவது சிரமம். 50 முதல் 70 டிகிரி உயரத்தில் மூன்றாம் ஒளித்தரம் அளவுள்ள ஒரு விண்மீனைத் தேர்ந்தெடுங்கள். மகம், சுவாதி போன்ற பிரகாசமானவை கண்ணைக் கூசச் செய்து குறைகளைப் பெரிதாக்கிக் காட்டும்.

ஒப்பிடும் இரண்டின் குவியத் தொலைவும் 10 விழுக்காட்டுக்குள் இருக்கட்டும். 6 மி.மீ.யையும் 7.5 மி.மீ.யையும் ஒப்பிட்டால், பின்னணி இருட்டாவது உருப்பெருக்கத்தாலா தரத்தாலா என்று சொல்ல முடியாது. ஒவ்வொரு முறை மாற்றும்போதும் குவியத்தைப் புதிதாகச் சரிசெய்யுங்கள். ஐபீஸ்கள் ஒரே இடத்தில் குவிவது அபூர்வம். முதலாவது, இரண்டாவது, மறுபடி முதலாவது, மறுபடி இரண்டாவது என்று குறைந்தது மூன்று சுற்று. கூட ஒருவர் இருந்தால், எது எது என்று சொல்லாமல் அவரையே மாற்றிப் போடச் சொல்லுங்கள். விலை தெரிந்த கண் விலைக்கேற்பத்தான் பார்க்கும்.

மையம்

மையக் கூர்மையில் ஓரளவு தரமான ஐபீஸ்களுக்கிடையே உள்ள வேறுபாடு, ஒரு நிமிடத்துக்கும் அடுத்த நிமிடத்துக்கும் காற்றில் ஏற்படும் வேறுபாட்டைவிடச் சிறியது. இதற்காக மட்டும் பெரும் பணம் செலவழிப்பது சரியல்ல என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆனாலும் சோதிக்கத்தான் வேண்டும், ஏனென்றால் மோசமான ஐபீஸ் மையத்திலேயே காட்டிக்கொடுத்துவிடும். சிறு தொலைநோக்கிகளோடு இலவசமாக வரும் 4 மி.மீ. ஐபீஸ்கள் அப்படிப்பட்டவை.

யாழ் விண்மீன் குழுவின் எப்சிலான் நல்ல தேர்வுத்தாள். அதிலுள்ள இரண்டு இணைகளிலும் விண்மீன்களின் இடைவெளி 2.3 ஆர்க் விநாடி (ஆர்க் நிமிடத்தில் 60-ல் ஒரு பங்கு) அளவில். 200 மடங்கில் இரண்டு இணைகளும் கறுத்த இடைவெளியோடு பிரிய வேண்டும். நம் அகலாங்கில் அது 60 டிகிரி உயரம்வரை ஏறும். குளிர்காலத்தில் புனர்பூசத்தின் காஸ்டர் இருக்கிறது, ஆனால் 5 ஆர்க் விநாடிக்கு மேல் இடைவெளி உள்ளதால் அது எளிய தேர்வு. வியாழனின் பட்டைகள், சனி வளையத்தின் காசினி இடைவெளி ஆகியவற்றில் ஒரு முறை பார்த்து முடிவெடுக்காதீர்கள். காற்று அமைதியாகும் கணங்களுக்காக ஒவ்வொரு ஐபீஸிலும் பத்து நிமிடம் காத்திருங்கள்.

விளிம்பு

வேறுபாடுகள் உண்மையில் குடியிருக்கும் இடம் இதுதான், குறிப்பாக எஃப்/6-க்குக் கீழ்ப்பட்ட தொலைநோக்கிகளில். அங்கே ஒளிக்கூம்பு அகன்று வருவதால் ஐபீஸுக்கு வேலை கடினம். அதே ஐபீஸை எஃப்/10 ஷ்மிட் காசிகிரைன் வகைத் தொலைநோக்கியில் போட்டால் விளிம்புவரை சுத்தமாகத் தெரியலாம். ஒருவர் புகழ்வதை அவருடைய எஃப் எண் தெரியாமல் எடுத்துக்கொள்ளக் கூடாது என்பது இதனால்தான்.

விண்மீனை மையத்தில் கூர்மையாகக் குவித்துவிட்டு, நகர விடுங்கள். மையத்திலிருந்து விளிம்புவரை உள்ள தூரத்தை நான்காகக் கற்பனை செய்துகொண்டு, எந்த இடத்தில் புள்ளி உருமாறத் தொடங்குகிறது என்று குறியுங்கள். "60 விழுக்காட்டில் தொடங்குகிறது, 85-ல் தொல்லை" என்பதுபோல் இரண்டு எண்கள் போதும். இனி, உருமாற்றத்தின் வகை.

விளிம்பில் இருக்கும்போது குவியத்தை லேசாகத் திருப்பிப் பாருங்கள். புள்ளி மீண்டும் கூர்மையானால் அது புல வளைவு. மையமும் விளிம்பும் ஒரே நேரத்தில் குவியவில்லை, அவ்வளவே. இளம் கண் இதைத் தானாகவே ஓரளவு ஈடுசெய்துவிடும்; நாற்பதைக் கடந்த கண்ணுக்கு அது முடியாது. ஒரே ஐபீஸைப் பற்றி இருவர் இருவிதமாகச் சொல்வதற்கு இது ஒரு காரணம்.

திருப்பும்போது புள்ளி ஒரு கோடாகி, குவியத்தின் மறுபக்கம் போனதும் அந்தக் கோடு 90 டிகிரி திரும்பி நின்றால் அது அஸ்டிக்மாடிசம். நடுவில் சிலுவைபோலவோ பறவைபோலவோ தெரியும். மலிவான அகலப்புல ஐபீஸ்களின் பொதுவான நோய் இது. எந்தத் திருகாலும் போகாது.

வால்விண்மீன்போல் கூர் மையத்தை நோக்கியும் விரிந்த வால் வெளியே நோக்கியும் இருந்தால் அது கோமா, நியூட்டன் வகைத் தொலைநோக்கியின் பரவளைய ஆடியிலிருந்து வருவது. ஐபீஸை மாற்றினால் தீராது, கோமா கரெக்டர் என்ற திருத்தும் லென்ஸைப் போட்டால் தீரும். எஃப்/6-ல் இது பொறுக்கக்கூடியது. எஃப்/5-லிருந்து கண்ணை உறுத்தத் தொடங்கும், எஃப்/4-ல் விலையுயர்ந்த ஐபீஸின் சிறப்பையே மறைத்துவிடும். பல சமயம் அஸ்டிக்மாடிசமும் கோமாவும் கலந்தே வரும். அப்போது 2 மடங்கு பார்லோ (ஐபீஸுக்கு முன்னால் போட்டு உருப்பெருக்கத்தைக் கூட்டும் லென்ஸ்) போட்டு அதே ஐபீஸைப் பாருங்கள். கூம்பு எஃப்/12 அளவுக்கு ஒடுங்குவதால் ஐபீஸின் அஸ்டிக்மாடிசம் பெருமளவு அடங்கும். அடங்கினால் ஐபீஸ் உங்கள் எஃப் எண்ணைத் தாங்கவில்லை என்று பொருள்.

விண்மீனின் உட்புறம் ஒரு நிறமும் வெளிப்புறம் இன்னொரு நிறமுமாக, வட்டத்தின் எதிர்ப்பக்கம் போனால் வரிசை தலைகீழாக மாறினால் அது ஐபீஸின் பக்கவாட்டு நிறப்பிறழ்ச்சி. மையத்தில் அது இருக்காது. மையத்திலும் மேலே ஒரு நிறம், கீழே ஒரு நிறம் என்று தெரிந்தால் அது வளிமண்டலம் ஒளியைப் பிரிப்பது; கோள் மேலே ஏறும்வரை காத்திருங்கள். ஐயம் தீரவில்லை என்றால் தொலைநோக்கி மூடியிலுள்ள சிறிய துளையைத் திறந்து, அதன் வழியே மட்டும் பாருங்கள். ஆடியின் பெரும்பகுதி மறைக்கப்படுவதால் அஸ்டிக்மாடிசமும் கோமாவும் கிட்டத்தட்ட மறையும், பக்கவாட்டு நிறம் மட்டும் அப்படியே நிற்கும்.

கடைசியாகக் கண். விண்மீன் மையத்திலேயே முள்முள்ளாகத் தெரிந்தால் ஐபீஸை அதன் குழாயில் சுழற்றுங்கள். முட்கள் சேர்ந்து சுழன்றால் ஐபீஸின் குறை. சுழலவில்லை என்றால் தலையைச் சாய்த்துப் பாருங்கள். முட்கள் தலையோடு சாய்ந்தால் உங்கள் கண்ணின் சிலிண்டர் பவர். இரண்டுக்கும் அசையாவிட்டால் ஆடியையும் அதன் பிடிகளையும் பாருங்கள். கண்ணின் சிலிண்டர், எக்ஸிட் பியூப்பில் பெரிதாக இருக்கும் குறைந்த உருப்பெருக்கத்தில்தான் தொல்லை தரும், 1 மி.மீ.க்கு வந்தால் பெரும்பாலும் காணாமல் போகும். எனவே கிட்டப்பார்வை அல்லது தூரப்பார்வை மட்டும் உள்ளவர்கள் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குவியத்தாலேயே சரிசெய்துகொள்ளலாம். மருத்துவர் சீட்டில் சிலிண்டர் எண் கணிசமாக இருப்பவர்கள், குறைந்த உருப்பெருக்கத்துக்கு மட்டும் நீண்ட ஐ ரிலீஃப் ஐபீஸ் வாங்கினால் போதும்.

ஒளிச்சிதறல், பேய்ப்படம், சிறுநீரக நிழல்

நிலவின் ஒளிமிக்க விளிம்பை வட்டத்துக்குச் சற்று வெளியே நிறுத்துங்கள். நல்ல ஐபீஸில் உள்ளே கறுப்பாக இருக்கும். சாம்பல் திரைபோல் ஒளி பரவினால், லென்ஸ் விளிம்புகளோ குழாயின் உட்புறமோ சரியாகக் கறுப்பாக்கப்படவில்லை. குழாயின் உள்ளே பளபளக்கும் உலோகம் தெரிந்தால் கறுப்பு வெல்வெட் தாள் ஒட்டிப் பலன் காணலாம். லென்ஸ் தொகுதியைக் கழற்ற வேண்டாம். திரும்ப அதே இடைவெளியில் பூட்டுவது வீட்டில் நடக்காத காரியம்.

வியாழனைப் பார்க்கும்போது மங்கலான இன்னொரு வியாழன் எதிர்த்திசையில் நகர்ந்தால் அது லென்ஸ் பரப்புகளுக்கிடையே நடக்கும் பிரதிபலிப்பு, பூச்சு தரமற்றது. கண்ணை அசைக்கும்போது மட்டும் அது அசைந்தால் கருவிழியிலிருந்து திரும்பிய ஒளி.

சில அகலப்புல ஐபீஸ்களில் சிறுநீரகம்போல், அவரை விதை வடிவில் கறுப்பு நிழல் மிதக்கும். வெவ்வேறு கோணத்து ஒளிக்கற்றைகள் ஒரே இடத்தில் கூடாததால் வருவது. கண்பாவை சுருங்கியிருக்கும்போது, அதாவது நிலவையும் பகல்காட்சியையும் பார்க்கும்போது அதிகமாகத் தெரியும். ஆகவே வாங்கும்முன் நிலவில் சோதியுங்கள். ரப்பர் கப்பை உயர்த்தித் தலையைச் சற்றுப் பின்வாங்கினால் பெரும்பாலும் அடங்கும்.

200 மடங்கில் மூன்று வழிகள்

நம் 8 அங்குலத்துக்கு 200 மடங்கு வேண்டும். 6 மி.மீ. ப்ளோசல், 12 மி.மீ. ப்ளோசலுடன் 2 மடங்கு பார்லோ, 66 டிகிரி வகை 6 மி.மீ. என்று மூன்று வழிகள் குறைந்த செலவில் உண்டு. மூன்றாவது, பொன்னிற வளையத்தோடு எஸ்விபோனி உள்ளிட்ட பல பெயர்களில் விற்கப்படுவது.

முதலாவது மையத்தில் கூர்மை, ஒளிச்சிதறல் குறைவு, ஆனால் கண்ணை ஒட்டி வைத்தே ஆக வேண்டும். இரவின் முதல் அரைமணியில் பொறுக்கலாம், அதன்பின் கண் களைத்துவிடும். களைத்த கண் எதையும் நுணுக்கமாகப் பார்க்காது. இரண்டாவதில் அதே உருப்பெருக்கம், ஐ ரிலீஃப் இருமடங்குக்கு மேல். பார்லோ நல்லதாக இருந்தால் கூர்மையில் இழப்பு கண்ணுக்குத் தெரியாது. மூன்றாவதில் ஐ ரிலீஃப் வசதி, கூடவே அகலம்.

டாப்சோனியனில் அந்த அகலம் அழகுக்காக அல்ல. கோள் தானாக நகர்ந்து வெளியேறுகிறது. 200 மடங்கில் 52 டிகிரிப் புலத்தை அது 62 விநாடியில் கடக்கும், 66 டிகிரியை 79 விநாடியில், 82 டிகிரியை 98 விநாடியில். தள்ளிவிட்டு அதிர்வு அடங்க ஐந்தாறு விநாடி போய்விடும் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அகலப்புலம் நிம்மதியாகப் பார்க்கும் நேரத்தைக் கூட்டுகிறது. ஆனால் இங்கேதான் விளிம்புச் சோதனையின் எண்களைப் பொருத்திப் பார்க்க வேண்டும். 66 டிகிரியில் உட்புற 70 விழுக்காடு மட்டுமே கூர்மை என்றால் பயன்படுவது 46 டிகிரி. 90 விழுக்காடுவரை கூர்மையான 52 டிகிரி ப்ளோசலும் ஏறக்குறைய அதையேதான் தருகிறது. அந்தப் பொன்வளைய வரிசையில் 6, 9 மி.மீ. இரண்டும் நம் தொலைநோக்கிக்கு ஏற்றவை. 15, 20 மி.மீ. விளிம்பில் தேறாது. ஒரே வரிசை, ஒரே பெயர் என்பதால் எல்லாக் குவியத் தொலைவும் ஒரே தரம் என்று எண்ண வேண்டாம்.

குறைந்த உருப்பெருக்கத்தில் 32 மி.மீ. ப்ளோசலும் 24 மி.மீ., 68 டிகிரி ஐபீஸும் ஒரே 1.29 டிகிரி வானத்தையே காட்டுகின்றன. கார்த்திகைக் கூட்டம் இரண்டிலும் அடங்கும். ஆனால் முதலாவதில் எக்ஸிட் பியூப்பில் 5.4 மி.மீ., இரண்டாவதில் 4.1. நகர ஒளியால் வெளுத்த வானத்தில் இரண்டாவதன் பின்னணி கறுத்து, மங்கலான விண்மீன்கள் கூடுதலாகத் தோன்றும். இருண்ட கிராமத்து வானில் இந்த வேறுபாடு சிறிது, ப்ளோசலே போதும். 2 அங்குல 30 மி.மீ., 82 டிகிரி வகை சுமார் 2 டிகிரி வானம் தரும். விண்மீன் கூட்டங்களுக்கு அதைப்போல் ஒன்று இல்லை. ஆனால் எடை ஏறக்குறைய ஒரு கிலோ; அதைப் போட்டதும் குழாயின் வாய் தாழும். பின்முனையில் காந்த எடை ஒட்டியோ பக்கப் பிடியை இறுக்கியோ சமன்செய்யுங்கள்.

செலவழிக்க முடிந்தவர்களுக்கு எங்கள் யோசனை: பணத்தை இரண்டு முனைகளில் போடுங்கள். குறைந்த உருப்பெருக்கத்துக்கு ஒரு நல்ல அகலப்புலம், கோள்களுக்கு 6 அல்லது 7 மி.மீ.யில் வசதியான ஐ ரிலீஃப் உள்ள ஒன்று. நடுவில் 12 மி.மீ. அளவில் ப்ளோசல் இருக்கட்டும். 4 மி.மீ.க்குக் கீழே இப்போதைக்கு வேண்டாம். 300 மடங்கைத் தாங்கும் இரவுகள் குறைவு. 8-24 ஜூம் ஐபீஸ், எந்தக் குவியத் தொலைவை நீங்கள் அதிகம் தேடுகிறீர்கள் என்று கண்டறிய உதவும், 24 மி.மீ. முனையில் பல ஜூம்களின் புலம் 40 டிகிரி அளவுக்கு ஒடுங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

பழையது வாங்கும்போதும், வாங்கிய பிறகும்

டார்ச்சைச் சாய்வாக அடித்து உள்ளே பாருங்கள். சிலந்தி நூல்போல் கிளைத்திருந்தால் பூஞ்சை, ஒதுக்கிவிடுங்கள். விளிம்பிலிருந்து வானவில் நிறத்தில் குமிழ் பரவியிருந்தால் லென்ஸ்களை ஒட்டிய பசை விட்டுப்போகிறது, அதையும் ஒதுக்குங்கள். மேல் கண்ணாடியில் ஓரிரு கீறல், பூச்சில் ஒரு புள்ளி என்பதற்கெல்லாம் பயப்பட வேண்டாம், விலையைக் குறைத்துக் கேளுங்கள். ஆனால் ஃபீல்டு ஸ்டாப்பை ஒட்டிய கண்ணாடியில் ஒட்டியிருக்கும் தூசு, படம் விழும் இடத்திலேயே இருப்பதால், நிலவின்மேல் கரும்புள்ளியாகத் தெளிவாகத் தெரியும்.

கடலோர ஊர்களில் பூஞ்சைதான் ஐபீஸின் முதல் எதிரி. கண்ணாடிப் பூச்சை அரித்துவிட்டால் துடைத்தாலும் தடம் போகாது. பனியில் நனைந்ததை உடனே மூடிப் பெட்டியில் வைக்காதீர்கள். மின்விசிறிக் காற்றில் ஒரு மணி நேரம் உலர்ந்த பிறகு வையுங்கள். காற்றுப்புகாத டப்பாவில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல்லும், சிறிய ஈரப்பத மானியும் போட்டு 40 முதல் 50 விழுக்காட்டில் நிறுத்துங்கள். துடைக்க வேண்டியிருந்தால் முதலில் ரப்பர் புளோயர், பிறகு மென்தூரிகை, கடைசியாகத்தான் 99 விழுக்காடு ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த லென்ஸ் தாள். திரவத்தைத் தாளில் விடுங்கள், கண்ணாடிமேல் நேரடியாகச் சொட்டினால் விளிம்பு வழியே உள்ளே இறங்கிவிடும்.